தரையில் விழாத போல்ட்

பானெட்டுக்குள் வேலை செய்யும்போது போல்ட் ஒன்று விரலிலிருந்து நழுவினால், முதலில் வேலை செய்ய வேண்டியது காதுதான். இரண்டு மூன்று இடத்தில் தட்டிவிட்டுக் கடைசியில் சிமென்ட் தரையில் உருளும் சத்தம் வந்தால் கவலையே இல்லை. இரும்பில் தட்டி, பிறகு மந்தமாக ‘தொப்’ என்று முடிந்தால் அது அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் கிடக்கிறது. ஒரே ஒரு தட்டல், அதன்பின் ஒன்றுமே இல்லை என்றால் நடுவில் எங்கோ தங்கிவிட்டது.

அந்த நேரத்தில் கையை உள்ளே விட்டுத் துழாவக் கூடாது. எட்டும் தூரத்தில் ஒரு விளிம்பில் நின்றிருக்கும் போல்ட்டைத் தட்டிவிட்டு எட்டாத பள்ளத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் தேடும் கைதான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, எந்த இடத்தில் நழுவியது, எந்தப் பக்கம் சத்தம் போனது என்பதை மனதில் பதித்துக்கொண்டு, டார்ச் எடுத்து வந்து பார்த்தால் பாதி தேடல் அங்கேயே முடியும். காரை நகர்த்தவோ ஆட்டவோ வேண்டாம்.

வீட்டில் வேலை பார்ப்பவர்களிடம் தொலைவது பெரும்பாலும் எம்6 போல்ட். மரை 6 மி.மீ, தலை 10 மி.மீ. ஏர் ஃபில்டர் டப்பா, இக்னிஷன் காயில், வெப்பத் தகடு, வயர் தாங்கிகள் என்று இன்ஜினைச் சுற்றி எங்கும் அதுதான். அடுத்த இடம் பேட்டரி டெர்மினல் நட்டுக்கும், ரேடியேட்டர் மேல் கவரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புக்கும். அதற்கும் அடுத்து, எல்லாவற்றையும் கழற்றும் அந்த 10 மி.மீ சாக்கெட்டே.

என்ன விழுந்தது என்பதைவிட எங்கே விழுந்தது என்பதை வைத்துத்தான் பதற்றப்பட வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். இன்ஜினுக்கு வெளியே விழுந்தது தொல்லை. உள்ளே விழுந்தது ஆபத்து. வெளியே விழுந்ததிலும் மூன்று இடங்கள் மட்டும் விதிவிலக்கு: பெல்ட், ரேடியேட்டர் ஃபேன், கியர் கேபிளும் லிங்கேஜும் அசையும் இடம். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு நட் சிக்கினால் பெல்ட்டின் வரி கிழியும், அல்லது பெல்ட் தாண்டி வெளியே வரும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது இந்தப் பெல்ட். பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டர் நின்றால் பேட்டரி விளக்கு எரியும். பம்பும் நின்றால் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் கொதிக்கும். போல்ட் கிடைக்கவில்லை, பெல்ட் பக்கம்தான் விழுந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், நியூட்ரலில் வைத்து, பெல்ட்டை ஓட்டும் சக்கரமான கிராங்க் புல்லியின் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்புங்கள். பெல்ட் முழுவதும் ஒரு சுற்று கண்முன் போகும்வரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும்.

நம் ஊர் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன் சக்கரம் இழுப்பவை. இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் பெல்ட், மறுபக்கம் கியர் பாக்ஸ், அதற்கு மேலே பேட்டரி. இந்த அமைப்பில் போல்ட் தங்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். பேட்டரித் தட்டுக்கு அடியில் கியர் பாக்ஸின் மேற்பரப்பு ஒரு திண்ணை போல இருக்கும். அதன் விளிம்புகளுக்கும் மவுண்டுக்கும் நடுவில்தான் அதிகம் சிக்கும். ரேடியேட்டர் ஃபேன் கூண்டின் கீழ் உதடு, வெப்பத் தகட்டுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் இடைவெளி, இன்டேக் மேனிஃபோல்டின் கிளைகளுக்கு நடுப்பள்ளம், பின்னால் ஸ்டீயரிங் ரேக், எல்லாவற்றுக்கும் கீழே குறுக்குச் சட்டம். சட்டத்தில் தொழிற்சாலையே போட்ட துளைகள் உண்டு. அதற்குள் போன போல்ட் சட்டத்தின் வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். காரோட்டும்போது கடகடவென்று சத்தம் போடுமே தவிர வேறு தீங்கு செய்யாது.

தேடும்போது டார்ச்சை நேர் மேலிருந்து அடித்தால் எல்லாமே ஒரே பளபளப்பாகத் தெரியும். பக்கவாட்டில், தாழ்வாகப் பிடித்தால் போல்ட் தன் நிழலால் காட்டிக்கொடுக்கும். கண் போகாத இடத்துக்கு ஃபோனில் ஃபிளாஷைப் போட்டு, வீடியோ ஓடவிட்டு மெதுவாக இறக்கி ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, பிறகு நிதானமாக ஓடவிட்டுப் பாருங்கள். அதற்கும் இடம் போதாவிட்டால் ஃபோனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா. தலை 5.5 மி.மீ இருப்பதாக வாங்குவது நல்லது, 8 மி.மீ தலை சில சந்துகளில் நுழையாது.

இன்னொரு வழி, கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும், ஆனால் பலிக்கும். விழுந்ததைப் போலவே இன்னொரு போல்ட்டை எடுத்து, மீட்டர் கணக்கில் நூல் கட்டி, அது நழுவிய இடத்திலிருந்தே விழவிட்டு எங்கே போகிறது என்று பாருங்கள். நூலை மறந்தால் தொலைந்தது இரண்டாகிவிடும்.

எடுப்பதற்கு ஆன்டெனா போல நீளும் காந்தக் குச்சி போதும். ஆனால் சுற்றிலும் இரும்பு இருக்கும் இடத்தில் அதன் தலை போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஸ்ட்ராவையோ தடித்த பிளாஸ்டிக் குழாயையோ காந்தத்தின் பக்கவாட்டை மூடும்படி சொருகி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். பக்கத்து இழுப்பு குறைந்து நுனி போக வேண்டிய இடத்துக்குப் போகும். காந்தம் பிடிக்காதவை பல: அலுமினிய வாஷர், பித்தளை, பிளாஸ்டிக் கிளிப், பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் போல்ட். அவற்றுக்கு நான்கு விரல் விரியும் வளைகிற நகக்கருவி. அது பிடிக்காவிட்டால் குச்சி நுனியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். காற்றடித்து எடுக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். இருக்கும் இடம் தெரிந்த பொருளை இடம் தெரியாத பொருளாக்குவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அடிக்கவரில் விழுந்ததென்றால் அதைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கியதோடு நிறுத்தி அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான். கவரை ஒரு பக்கம் மட்டும் தளர்த்திச் சாய்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் உருண்டு வரும். பழைய கார் என்றால் முந்தைய மெக்கானிக் விட்டுப்போன இரண்டு மூன்று போல்ட்டும் கூடவே வரக்கூடும்.

இனி உள்ளே விழுவது. இதில் முதலிடம் ஸ்பார்க் பிளக் குழிக்கு. காயில் நேரடியாகப் பிளக்கின் மேல் உட்காரும் இன்ஜின்களில் குழி ஆழமாக இருக்கும். காயிலைப் பிடித்திருக்கும் 10 மி.மீ தலை போல்ட் அதன் வாயருகிலேயே இருக்கும். பிளக் உள்ளே மாட்டியிருக்கும்வரை அந்தப் போல்ட் குழியில் விழுந்தாலும் பிரச்சினை இல்லை. காந்தம் விட்டால் வந்துவிடும். பிளக்கைக் கழற்றிய பிறகு விழுந்தால் அதே குழி சிலிண்டருக்கு வாசல். அதனால் எல்லாக் காயில் போல்ட்டையும் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, குழிகளில் இருக்கும் மணலையும் தூசியையும் ஊதி வெளியேற்றிவிட்டு, பிறகுதான் முதல் பிளக்கில் சாக்கெட் வைக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்குக் காற்று சரி. ஊதும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிளக்கை எடுத்தால் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது இன்னும் பாதுகாப்பு.

14 மி.மீ பிளக்கின் துளை, மரை போக, உள்ளே 12.6 மி.மீ அளவுதான். காலர் வைத்த எம்6 போல்ட் பெரும்பாலும் அதில் நுழையாது. நுழைவது வாஷர், சிறிய நட், ஸ்க்ரூ, உடைந்த பிளக்கின் பீங்கான் துண்டு. எம்6 வாஷரின் தடிமன் 1.6 மி.மீ, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டுக்கும் இடைவெளி பல இன்ஜின்களில் 1 மி.மீ சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். ஸ்டார்ட்டரை ஒரு நொடி சுற்றினாலும் பிஸ்டன் தலையில் பள்ளம், வளைந்த வால்வு, நசுங்கிய பிளக் நுனி எல்லாம் நடக்கலாம். ‘ஸ்டார்ட் பண்ணினால் சைலன்ஸர் வழியாக வெளியே போய்விடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, யாரும் சாவி போட முடியாதபடி செய்யுங்கள். கேமராவை இறக்கிப் பொருள் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். ஹெட்டும் பிஸ்டனும் பெரும்பாலும் அலுமினியம் என்பதால் காந்தக் குச்சி வழியில் ஒட்டாமல் நேராக இறங்கும். ஆனால் சிலிண்டர் சுவரின் உட்புறம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு, அதில் ஒட்டும். பிஸ்டன் மிகக் கீழே இருந்து குச்சி எட்டவில்லை என்றால் மட்டும், எல்லாப் பிளக்குகளையும் எடுத்து மற்றக் குழிகளைத் துணியால் மூடிவிட்டு, கிராங்க் புல்லியைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாதி உயரம்வரை கொண்டுவாருங்கள். உச்சிவரை வேண்டாம். துளி இறுக்கம் தெரிந்தாலும் நிறுத்துங்கள். பீங்கான் துண்டுக்குக் காந்தம் உதவாது; மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய காற்றுக் குழாயை வேக்குவம் கிளீனர் வாயில் டேப் சுற்றி இணைத்து உறிஞ்ச வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் அதுவும் கூடாது. வேக்குவத்தின் மோட்டாரில் பொறி பறக்கும். இத்தனைக்கும் வராவிட்டால் ஹெட்டைக் கழற்றும் வேலை, அது மெக்கானிக்கிடம். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

பிளக் குழியில் சாக்கெட்டே தங்கிவிடுவதும் அடிக்கடி நடப்பது. சாக்கெட்டுக்குள் இருக்கும் ரப்பர், பிளக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, நீட்டிப்புத் தண்டான எக்ஸ்டென்ஷன் மட்டும் உருவிக்கொண்டு வரும். சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் தீர்ந்தது.

ஏர் ஃபில்டர் டப்பாவை முழுதாகக் கழற்றினால் இன்ஜினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதை மூட பனியன் வேஸ்ட் உதவாது. நூல் நூலாகப் பிரிந்து உள்ளே போகும். பிரியாத பெரிய துணி ஒன்று, கண்ணைப் பறிக்கும் நிறத்தில், பாதி வெளியே தொங்கும்படி. மூடும் துணியே தொலைந்த பொருளாகி இன்ஜினுக்குள் போன கதை பட்டறைகளில் சாதாரணம். திராட்டில் தகட்டின் மேல் ஏதாவது விழுந்துவிட்டால் இக்னிஷனை ஆன் செய்யாதீர்கள். மின்னணு திராட்டில் பல கார்களில் சாவி போட்டதும் தானே அசையும். டர்போ வண்டியில் ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாய் நேராகப் போவது டர்போவின் விசிறிக்கு. அதன் இலைகள் ஒரு சிறிய ஸ்க்ரூவைக்கூடத் தாங்காது.

வால்வு கவரைத் திறக்கும் அளவுக்குத் துணிந்தவர்களுக்கு: மாருதியின் கே சீரீஸ் போன்ற டைமிங் செயின் இன்ஜின்களில் செயின் ஓடும் பக்கத்துப் பள்ளம் நேராக, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்வரை இறங்குகிறது. கவர் போல்ட்டைக் கையில் எடுக்கும் முன் அந்தப் பள்ளத்தைத் துணியால் அடையுங்கள். அங்கே விழுந்தது செயினில் சிக்காமல் சம்ப்புக்குப் போயிருந்தாலும், எடுக்கச் சம்ப்பைத்தான் இறக்க வேண்டும்.

நழுவுவது ஸ்பேனராக இருக்கும்போது பேட்டரிதான் கவலை. பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர், நெகட்டிவோடு இணைந்திருக்கும் பாடியைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்; பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் அந்தப் பொறியில் பற்றலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்பது இதற்காகத்தான்.

விழாமல் தடுக்கச் செலவு அதிகமில்லை. வேலை செய்யும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும் சந்துகளில் ஒரு பழைய துண்டை விரித்துவிட்டாலே போதும். பத்தில் ஒன்பது அதிலேயே விழும். போல்ட்டின் தலைமேல் சிறு காகிதத் துண்டை வைத்துச் சாக்கெட்டில் அழுத்தினால், சாக்கெட்டைக் கவிழ்த்தாலும் போல்ட் விழாது. கழற்றிய போல்ட்டைத் துளை காலியாகக் கிடந்தால் அதிலேயே இரண்டு மரை மாட்டி வைத்துவிடுவது கிண்ணத்தைவிட மேல். எது எங்கே என்ற குழப்பமும் வராது. மரை தொடங்குவது எப்போதும் விரலால்.

பிளாஸ்டிக் கிளிப்பைத் தேடி அரைமணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம். பெல்ட்டிலும் ஃபேனிலும் இல்லை என்று உறுதியானால் விட்டுவிடலாம். எக்ஸாஸ்ட் மேல் கிடந்தால் உருகும் வாடை தானே வரும். போல்ட் நிஜமாகவே கிடைக்கவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் அதே மாதிரி ஒன்றைக் கழற்றி ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போங்கள். எம்6, மரை இடைவெளி 1.0, தலையில் வலிமைத் தரத்தைக் குறிக்கும் 8.8 என்ற எழுத்து, காலருக்குக் கீழே அளந்த நீளம். நீளம் கூடினால் அடிமுட்டும் துளையில் இறுகியது போலக் காட்டி, பாகத்தைப் பிடிக்காமல் நிற்கும். மேலும் முறுக்கினால் அலுமினிய மரை உரிந்துவிடும். துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு வரும், அடுத்த முறை விழுந்தால் காந்தத்துக்கும் சிக்காது. எம்6 8.8 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் பொதுவான அளவு. அலுமினியத்திலும் பிளாஸ்டிக் பாகத்திலும் அதற்கும் கீழே, கையேட்டில் சொன்ன எண்ணுக்குத்தான் முறுக்க வேண்டும்.