விடிய ஐந்து மணி பஸ்ஸும் சோத்துப் பார்சலும்

இலங்கையைச் சுற்றும்போது காசு கரைவது பெரும்பாலும் நேரம் தவறிய இடத்தில்தான். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு மலிவான வழி இருக்கிறது, அந்த வழிக்கு ஒரு நேரமும் இருக்கிறது. கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ் பின்னேரம் ஆறு, ஏழு மணியோடு முடிந்துவிடும். சோத்துப் பார்சல் பகல் இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். மூன்றாம் வகுப்பில் இருக்கை வேண்டுமென்றால் ரயில் புறப்படும் ஸ்டேஷனிலேயே ஏற வேண்டும். இவற்றைத் தவறவிட்டவர்களை நம்பித்தான் ஓட்டோக்களும் சுற்றுலா உணவகங்களும் காத்து நிற்கின்றன. ஓட்டோவில் 10 கிலோமீட்டர் போகும் காசு, சாதாரண பஸ்ஸில் கொழும்பிலிருந்து கண்டிவரை, ஏறக்குறைய 115 கிலோமீட்டர், போவதைவிட அதிகம். மிச்சக் கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எந்தப் பக்கம் போவது என்பதை மழை தீர்மானிக்கும். மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவமழை. காலி, மிரிஸ்ஸ, ஹட்டன் பக்கமெல்லாம் நனையும், திருகோணமலையும் அறுகம்பையும் வெயிலில் கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச்வரை தெற்குக் கரை காயும். ஒக்டோபர், நவம்பரில் முழுத் தீவிலும் மழை, புயலும் சேர்ந்து வரக்கூடும். சீசன் இல்லாத கரையில் ரூம் வாடகை நன்றாக இறங்கும் என்பது உண்மை. ஆனால் கடல் கலங்கிப் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும் ஊரில் மலிவு ரூம் எடுத்து என்ன செய்வது?

விமானத்தில் வந்தால் கட்டுநாயக்க. அங்கிருந்து கொழும்பு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 187 இலக்க பஸ் போகிறது. இரவில் வந்து இறங்குபவர்கள் கொழும்புக்கு ஓடாமல் பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் படுத்துவிட்டுக் காலையில் கிளம்புவது செலவு குறைவு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2024 ஓகஸ்டிலிருந்து மீண்டும் கப்பல் ஓடுகிறது. பருவமழையின்போது நிறுத்திவிடுவார்கள் என்பதால் திகதியைப் பார்த்தே திட்டம் போட வேண்டும். கப்பலில் வருபவர்களுக்குச் சுற்று யாழ்ப்பாணத்தில் தொடங்கும்.

சுற்று என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் கொழும்புக்கு வந்து வந்து போனால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். நீர்கொழும்பு, அநுராதபுரம், யாழ்ப்பாணம், திரும்பி வவுனியா வழியாகத் தம்புள்ளை, கண்டி, ஹட்டன், எல்ல, வெல்லவாய, தெற்குக் கரை, காலி, கொழும்பு என்று வளையமாகப் போகலாம். மூன்று கிழமை இருந்தால் நிதானமாக முடியும். இரண்டு கிழமைதான் என்றால் வடக்கையோ தெற்கையோ விட்டுவிடுவது நல்லது. மலைப்பாதையில் பஸ் மணிக்கு 25 கிலோமீட்டர் போனாலே பெரிது. வரைபடத்தில் ஒரு விரல் அகலம் தெரிவது அரை நாள் பயணம்.

பஸ்ஸில் இரண்டு சாதி. சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையுடையது, இ.போ.ச. என்பார்கள். மற்றது தனியார். சாதாரண பஸ்ஸில் கட்டணம் இரண்டிலும் ஒன்றுதான். அரைச் சொகுசு என்று எழுதிய பஸ்ஸுக்கு ஒன்றரை மடங்கு. திரைச்சீலை தவிர அதில் என்ன சொகுசு என்று யாருக்கும் விளங்கியதில்லை. ஏசி பஸ் இரண்டு மடங்கு. கொழும்பு – யாழ்ப்பாணம் போன்ற நீண்ட பயணத்துக்கு மட்டும் அது தகும். பஸ் இலக்கங்கள் பெரிதாக மாறுவதில்லை: கொழும்பிலிருந்து கண்டிக்கு 1, காலி வழியாக மாத்தறைக்கு 2, திருகோணமலைக்கு 49, யாழ்ப்பாணத்துக்கு 87, பதுளைக்கு 99. பெயர்ப்பலகையில் தமிழ் இல்லாத பஸ்ஸிலும் இலக்கம் இருக்கும்.

தனியார் பஸ் நிரம்பினால்தான் நகரும். நடைபாதையிலும் மடக்கு இருக்கை விழும். அதனால் 30 லீற்றருக்கு மேற்பட்ட பை உங்களுக்கு எதிரி. மேல் தட்டில் அது நுழையாது. டிரைவருக்குப் பக்கத்திலுள்ள இயந்திர மூடிமேல் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் மடியில். சிறிய ஏசி வான்களில் பெரிய பைக்கும் ஓர் ஆள் கட்டணம் கேட்பார்கள். தொடக்கத் தரிப்பிடத்தில் ஏறி, பையை முதலில் வைத்து, பிறகு இறங்கிப் பிளேன்டீ குடிப்பதுதான் ஒழுங்கு. முன் இருக்கைகள் மதகுருமாருக்கு. பிக்கு ஏறினால் எழும்பிவிட வேண்டும், பெண்கள் அவர் பக்கத்தில் அமர்வதில்லை.

5000 ரூபாத் தாளை பஸ்ஸில் நீட்டக்கூடாது. மிச்சக் காசு இல்லையென்றால் கொண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் தொகையை எழுதித் தருவார். அதை இறங்கும்போது கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. கட்டணம் தெரியாவிட்டால் கொண்டக்டரைக் கேட்குமுன் பக்கத்து இருக்கைக்காரரைக் கேளுங்கள். டிக்கெட் தராமல் கூட்டி வாங்கினால் முறையிட 1955 என்ற இலக்கம் இருக்கிறது. அதைச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். தெற்கில் தமிழ் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் இரண்டு சிங்களச் சொற்கள் போதும்: இறங்க "பஹினவா", விலை கேட்க "கீயத?"

பஸ் நிலையத்தில் யாராவது வந்து "இன்றைக்கு அந்த பஸ் ஓடாது, போயா தினம்" என்றால் அவர் ஓட்டோ வைத்திருக்கிறார் என்று பொருள். போயா என்ற பௌர்ணமி விடுமுறையிலும் பஸ் ஓடும். கண்டியில் நெடுந்தூர பஸ்களுக்கு ரயில் நிலையப் பக்கம் போக வேண்டும். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றால் சுற்றுவட்டார பஸ்களைத்தான் காண்பீர்கள். ஓட்டோ கட்டாயம் வேண்டுமென்றால் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களில் பிக்மி ஆப் விலையைச் சொல்லிவிடும். சுற்றுலா ஊர்களில் ஆப் வண்டியை உள்ளூர்க்காரர் அண்டவிடமாட்டார்கள். அங்கே ஏறுமுன் விலை பேசிவிட வேண்டும்.

ரயில் பஸ்ஸையும்விட மலிவு, ஆனால் பொறுமை வேண்டும். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். எல்ல பக்கம் போகும் இருக்கைகள் சில நிமிடத்தில் தீர்ந்து, பிறகு பல மடங்கு விலைக்கு இடைத்தரகர் கையில் தெரியும். அதை வாங்க வேண்டாம். முன்பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கெட் அன்றன்று கவுண்டரில் விற்கிறார்கள், அதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. இருக்கைதான் உத்தரவாதமில்லை. முழுக்க முன்பதிவு ரயில்களும் ஓடுகின்றன, அவற்றில் இந்த டிக்கெட் செல்லாது. கவுண்டரில் வாங்கும்போதே எந்த ரயில் என்று கேட்டுவிடுங்கள்.

எல்லாரும் கண்டியில் ஏறி எல்லவுக்குப் போகிறார்கள். அதனால் கண்டி மேடையில் அடிபிடி. அதே பாதையைத் திருப்பிப் போட்டால், அதாவது எல்லவரை பஸ்ஸில் போய், திரும்பும்போது பதுளையில் ஏறினால், காலியான பெட்டியில் ஜன்னலோரம் கிடைக்கும். பதுளை கடைசி ஸ்டேஷன். பாதை அங்கே வந்து சேர்ந்தது 1924இல். தெமோதரையில் ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கம் வைத்துப் பாதை சுழன்று இறங்குவதையும், ஒன்பது வளைவுப் பாலத்தையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பாலத்தை வெளியிலிருந்து பார்க்கவும் கட்டணமில்லை. ஆனால் ஒன்று: 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் பெயர்த்தது. சாதாரணக் கனமழையிலும் மண்சரிவு இந்தப் பாதையை மூடும். எதுவரை ஓடுகிறது என்று 1919க்கு அழைத்துக் கேட்டுவிட்டே இந்தத் துண்டைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

கரையோரப் பாதைக்கு இந்தச் சிக்கல் இல்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து காலி போகும்போது வலப்பக்கம் முழுக்கக் கடல். அலுவலகம் விடும் பின்னேர நேரத்தை மட்டும் தவிர்க்கவும், கதவில் தொங்கத்தான் இடமிருக்கும்.

சாப்பாட்டில், "ஹோட்டல்" என்று பலகை போட்ட இடத்தில் பெரும்பாலும் படுக்கை இருக்காது, சோறுதான் இருக்கும். பகல் பதினொன்றரைக்குப் பார்சல்கள் அடுக்கப்படும்: சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, சம்பல், மீனோ கோழியோ. ஒரு பார்சல் சோறு அளவாகச் சாப்பிடும் இருவருக்குப் போதும். காலையில் ஆப்பம், இடியாப்பம், பாணும் சம்பலும். இரவில் கொத்து ரொட்டி. ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் எல்லாம் ஒரு தட்டு நிறைய மேசைக்கு வந்தால் திடுக்கிட வேண்டாம், தின்றதை எண்ணித்தான் காசு. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது மாசிக் கருவாடு. சம்பலிலும் சில மரக்கறியிலும் தூளாகக் கிடக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். தமிழ் ஊர்களில் சைவக்கடை என்ற பலகை இருந்தால் பிரச்சினையில்லை. பின்னேரம் பீத்தோவனின் மெட்டு தெருவில் கேட்டால் அது பாண் விற்கும் ஓட்டோ. சூடான பணிஸ் அதில்தான்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கக் கிணற்று நீரை வடிகட்டாமல் தொடவே வேண்டாம். சிறுநீரக நோய் பரவலாக உள்ள பகுதி அது. ஐந்து லீற்றர் போத்தல் ஒன்று வாங்கி ரூமில் வைத்து, சிறு போத்தலில் ஊற்றிக்கொண்டு போவது ஒரு லீற்றர் போத்தல்களாக வாங்குவதைவிட நல்ல லாபம்.

நுழைவுக் கட்டணத்தில்தான் பட்ஜெட் உடைகிறது. சிகிரியாவுக்கு வெளிநாட்டவர் 30 டொலருக்கு மேல் கட்ட வேண்டும். இந்தியா முதலான சார்க் நாட்டுக் கடவுச்சீட்டுக்குக் குறைவு, ஆனால் அசல் புத்தகத்தை நீட்ட வேண்டும், போனில் உள்ள படம் எடுபடாது. ஏறாவிட்டாலும் குறைவில்லை, எதிரிலிருக்கும் பிதுரங்கல குன்றுக்குச் சிறு தொகைதான், சிகிரியாவை முழுதாகப் பார்க்கும் இடமும் அதுதான். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறைகளுக்கிடையில் கையூன்றி ஏற வேண்டியிருக்கும், இருட்டில் போனால் தலையில் மாட்டும் விளக்கு அவசியம். கீழே விகாரை இருப்பதால் தோளும் முழங்காலும் மூட வேண்டும். ஒரு சாரம் பையில் இருந்தால் இதற்கும் ஆயிற்று, ஆற்றில் குளிக்கவும் ரூமில் போர்க்கவும் ஆயிற்று. வனப் பூங்காக்களில் ஆள் கட்டணம், சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், அதன்மேல் 18 வீத வரி, தனியாக ஜீப் வாடகை. நான்கு, ஐந்து பேர் சேராமல் யாலவுக்குள் போவது வீண். உடவளவையில் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பிரதான வீதியில் பஸ்ஸில் போனாலே வேலியோரம் யானை நிற்பதைக் காண வாய்ப்பு அதிகம்.

காசில்லாமல் கிடைப்பதில் பெரியது சிவனொளிபாதமலை. 2243 மீற்றர், நல்லதண்ணிப் பாதையில் ஏறக்குறைய 5500 படி, கட்டணமே கிடையாது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ். சீசன் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடியும். அப்போதுதான் படி முழுக்க விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் விடியலுக்குச் சரி. இந்தக் கணக்கு வார நாளுக்கு. சனி இரவிலும் போயாவிலும் மேலே வரிசை அசையாது, பாதிப் படியில் நின்றபடி சூரியோதயம் பார்க்க நேரும். வேர்த்த சட்டையோடு உச்சிக் காற்றில் நிற்பவர்களுக்குத்தான் குளிர் பிடிக்கிறது. உலர்ந்த சட்டை ஒன்றைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். ஏறுவதைவிட இறக்கம் முழங்காலைத் தின்னும், அன்று பின்னேரம் நீண்ட பஸ் பயணம் வைக்காதீர்கள். சீசன் இல்லாத மாதங்களில் இருட்டு, வழுக்கல், அட்டை. கால்மேசும் சவர்க்காரமும் உப்பும் வேண்டும்.

ரூம் எடுக்கும்போது விசிறியா ஏசியா என்பதில்தான் விலை ஏறி இறங்கும். மலையில் ஏசி வேண்டாம், வெந்நீர் வேண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் நுளம்பு வலையை விரித்து ஓட்டை பார்த்த பிறகே காசு கொடுங்கள். நாட்காட்டியையும் பாருங்கள். கண்டிப் பெரஹரா ஊர்வலம் நடக்கும் ஜூலை, ஓகஸ்ட் நாட்களில் அந்த ஊரில் மலிவு ரூம் என்ற பேச்சே இல்லை. ஏப்ரல் 13, 14 புத்தாண்டில் சாப்பாட்டுக் கடைகள் பல நாள் பூட்டு, நுவரெலியாவில் வாடகை உச்சம். வெசாக், பொசன் என்ற பௌத்தப் பௌர்ணமிப் பண்டிகைகள் நேர் எதிர். வீதியெங்கும் தன்சல் பந்தலில் சோறு, ஐஸ்கிரீம், குளிர்பானம் எல்லாம் இலவசம். வரிசையில் நின்றால் யாருக்கும் கிடைக்கும்.

வடக்கில் பார்க்க வேண்டியவற்றில் செலவு மிகக் குறைந்தது நெடுந்தீவு. யாழ்ப்பாணத்திலிருந்து விடிய பஸ் பிடித்துக் குறிகாட்டுவான் போனால் காலைப் படகு, கடலில் ஏறக்குறைய ஒரு மணி. பவளக்கல் மதில்களும் காட்டுக் குதிரைகளும் தீவெங்கும் சிதறிக் கிடப்பதால் நடந்து முடிக்க முடியாது. இறங்குதுறையிலேயே இன்னும் இரண்டு, மூன்று பேரைச் சேர்த்து ஒரு ஓட்டோ பேசுவது நல்லது. நிழலும் கடையும் குறைவு. தண்ணீரையும் பார்சலையும் யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக் கொண்டு ஏறுங்கள். இறங்கும்போது படகுக்காரரிடம் திரும்பும் நேரத்தைக் கேட்டுவிடுங்கள், கடைசிப் படகு நீங்கள் நினைப்பதைவிட முந்திப் புறப்படும்.