கந்தகம் எங்கே போகும்?

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். சல்பூரிக்கமிலம் தயாரிக்கும் தொடுகை முறை வரும்போது ஒரிமல்சன் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவேன். பாடத்திட்டத்தில் இல்லைதான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

வெனிசுவேலாவின் ஒரினோகோப் பகுதியில் கிடைக்கும் பிற்றுமின் என்ற தார்போன்ற கெட்டி எண்ணெயில் செய்த எரிபொருள் அது. சுமார் 70 வீதம் பிற்றுமின், மீதி தண்ணீர், பிரியாமலிருக்கக் கொஞ்சம் பால்மமாக்கி. தேங்காய்ப்பாலில் எண்ணெய் நிற்பதுபோல நுண்துளிகளாக நிற்கும். இல்லாவிட்டால் அந்தத் தார்க்களியைக் குழாயில் அனுப்பவே முடியாது. கனடாவின் டல்ஹவுசி மின்நிலையம் 1994 முதல் இதை எரித்தது.

துளி சிறிதென்றால் நன்றாக எரியும், புகை குறையும்தானே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கரி குறையும், சரி. கந்தகம் எங்கே போகும்? இந்த எரிபொருளில் அது 3 வீதத்துக்குக் கிட்ட இருந்தது. எரிந்தால் கந்தக ஈரொட்சைட்டு. அதை மூவொட்சைட்டாக்க அமில ஆலையில் தாக்கத்தை விரைவாக்கப் போடும் ஊக்கி வனேடியம் ஒட்சைட்டு. பிற்றுமினிலோ வனேடியம் இயல்பாகவே இருக்கிறது! ஆலையில் காசு கொடுத்துச் செய்விக்கிற தாக்கம் கொதிகலனுக்குள் சும்மாவே நடக்கிறது. மூவொட்சைட்டு நீராவியோடு சேர்ந்து அமிலத் துளியாகி, புகைபோக்கிக்கு மேலே நீலப் புகையாகத் தெரியும். சாம்பலும் மிக நுண்ணியது. நிக்கலையும் வனேடியத்தையும் சுமந்துகொண்டு நுரையீரலின் அடிவரை போகும்.

டல்ஹவுசியில் வாயுவைக் கழுவிக் கந்தகத்தைப் பிடிக்கும் கருவிகளும் தூசுபிடிகளும் பூட்டித்தான் எரித்தார்கள். அமெரிக்காவில் புளோரிடாவின் மனட்டீ மின்நிலையத்திலும் இதை எரிக்க அனுமதி கேட்டபோது மாநில அரசு மறுத்துவிட்டது. ஒரிமல்சன் இப்போது இல்லை. ஆனால் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் அடிமண்டியைத் தண்ணீரோடு கலந்து எரிக்கும் முயற்சி இன்னும் நடக்கிறது. அதுவும் மலிவு என்றுதான் பேசப்படுகிறது.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னியில் மோட்டார் சைக்கிளை இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி உதைத்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பின்னால் போனால் கண் எரியும், மூக்குக்குள் கறுப்புப் படியும். வேறு வழி இருக்கவில்லை. இன்று கேட்க வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளுக்குள் இறங்கிய பிறகுதான் வழக்குப் போட்டு, 2019இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது.

எங்கள் பக்கம் எந்த எண்ணெய் நிலையம் வந்தாலும், அத்திவாரம் வெட்ட முதலே கேளுங்கள்: எண்ணெயில் கந்தகம் எத்தனை வீதம், புகைபோக்கியில் என்ன பூட்டுகிறீர்கள், பிடித்த சாம்பலை எங்கே கொட்டுவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.