படத் தேடல் செய்முறை: ஆல்ட் உரையோடு நின்றுவிடாதீர்கள்

போன வாரம் முடிவு வந்தது. டிஜிட்டல் மார்க்கெட்டிங் சான்றிதழ்த் தேர்வில் தேறிவிட்டேன். என்னைக் கரைசேர்த்தது படத் தேடல் செய்முறைதான்; ஒரு பக்கத்தில் உள்ள படம் கூகுள் படத் தேடலில் சரியாகக் கிடைக்கும்படி அந்தப் பக்கத்தைத் திருத்தும் பகுதி அது. காட்பாடியில் நான் படித்த பயிற்சி மையத்தில் படத்தில் என்ன இருக்கிறது என்று பக்கத்தின் நிரலில் எழுதும் ஆல்ட் உரையைத் தவிர வேறெதையும் சொல்லித்தரவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. அடுத்து எழுதப்போகிறவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

செய்முறைக்கு வந்தது வேலூர்க் கோட்டையைப் பற்றிய ஒரு பக்கம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண் படம், 1806 சிப்பாய்க் கிளர்ச்சியைச் சொல்லும் பத்திக்குள் கிடந்தது. பலர் உடனே ஆல்ட் உரையில் "வேலூர், கோட்டை, வேலூர்க் கோட்டை, சுற்றுலா" என்று அடுக்கத் தொடங்கினார்கள். கூகுள் தன் வழிகாட்டுதலிலேயே கூடாது என்று சொல்லும் வேலை அது. நான் பக்கம் முழுவதையும் நிதானமாகப் படித்துவிட்டு, முதலில் படத்தை இடம் மாற்றினேன். மண்டபத்தைப் பற்றிய பத்திக்கு அருகே வைத்து, கீழே ஒரு விளக்க வரி சேர்த்தேன். அதற்குப் பிறகே ஆல்ட்: "ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளி செதுக்கிய கல்தூண்".

கூகுள் படத்தையும் கணினிப் பார்வையால் ஆராய்கிறது. ஆனால் யாளித் தூண் தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் இருக்கிறது. இது வேலூர்த் தூண் என்று சொல்வது பக்கத் தலைப்பும், விளக்க வரியும், சுற்றியுள்ள எழுத்தும்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மற்றவை சுருக்கமாக:

- சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் நிரல்) வழியாகப் பின்னணியாக வைத்த படம் கூகுள் படத் தேடலில் சேராது.
- தேடுபொறி எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) படக் கோப்புறை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தடை இருந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.
- கேமரா இட்ட எண்ணையே கோப்புப் பெயராக விடாதீர்கள். பொருளைச் சொல்லும் சில சொற்கள், நடுவில் இணைப்புக்குறி.
- திறந்ததும் தெரியும் பெரிய படத்துக்கு லேசி லோடிங் (திரையில் தேவைப்படும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) வேண்டாம். எல்சிபி, அதாவது திரையில் தெரியும் மிகப் பெரிய பகுதி தோன்ற ஆகும் நேரம், 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு நம் ஊர்ப் பொருளையே எடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்தரிக்காயைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, படம் வையுங்கள். பிறகு படத்தை மறைத்துவிட்டு நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். அங்கே என்ன படம் இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை என்றால், ஆல்ட்டைத் தொடாமல் முதலில் பத்தியைத் திருத்துங்கள்.