மூக்கில் பிறந்து மூளைக்குப் போகும் செல்கள்

கோழிக் கருவின் 72 மணி நேர ஸ்லைடை முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது என் பார்வை நேராகப் பெரிய கண்ணுக்கும் இதயத்துக்கும்தான் போனது. ரொம்ப நேரம் கழித்துத்தான் கண்ணுக்கு முன்னால், ஈர மாவை விரல் நுனியால் லேசாக அமுக்கியது போல ஒரு சின்னப் பள்ளத்தைக் கவனித்தேன். மூக்கு அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பள்ளத்தைப் பற்றி அன்றைக்குப் படிக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை.

கருவின் வெளித்தோல் தலையின் முன்பக்கம் இரண்டு இடங்களில் தடித்து, பிறகு உள்ளே குழிகிறது. தடித்த அந்தப் பகுதிக்குப் பிளாக்கோடு என்று பெயர். வாசனை அறியும் நரம்புச் செல்கள் அங்கேயே பிறந்து, மூக்கிலேயே இருந்துகொண்டு, மூளைக்கு இழையை மட்டும் அனுப்புகின்றன. ஆனால் அதே மூக்கில் தோன்றும் இன்னொரு கூட்டம் இடத்தையே காலி செய்துகொண்டு, நரம்பு இழைகளைப் பிடித்தபடி ஊர்ந்து, மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் சல்லடை மாதிரி ஓட்டைகளோடு இருக்கும் எலும்பு உருவாகும் இடத்தைத் தாண்டி மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் வரை போய்ச் சேர்கிறது. இவைதான் ஜிஎன்ஆர்எச் செல்கள், அதாவது பாலின ஹார்மோன்களைத் தூண்டிவிடும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைச் சுரப்பவை. நாம் வயதுக்கு வருவதும் பிள்ளை பெறுவதும் இவற்றை நம்பித்தான். எலியில் மொத்தமே 800 போலத்தான் இருக்கும்.

இவை மூக்கிலிருந்து வருகின்றன என்பதை 1989-இல்தான் எலிக் கருக்களில் கண்டுபிடித்தார்கள், இரண்டு குழுக்கள் தனித்தனியாக. அதே ஆண்டு கால்மன் நோய் இருந்த 19 வார மனிதக் கரு ஒன்றையும் ஆராய்ந்தார்கள். செல்கள் மூக்கில் பிறந்து கிளம்பியிருந்தன, ஆனால் மூளைக்குள் நுழையாமல் சல்லடை எலும்புக்கு மேலேயே நரம்பு இழைகளோடு சிக்கி நின்றுவிட்டன. கால்மன் நோயில் வாசனையும் தெரியாது, பருவமும் தானாக வராது. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தவர்களுக்கு அந்த ஒரு கரு பதில் சொல்லிவிட்டது.

சரி, மூக்கில் பிறந்தவை எல்லாமே பிளாக்கோடின் பிள்ளைகள்தானா? இங்கேதான் சண்டை. கருவின் முதுகுப் பக்கம், பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாயின் ஓரத்திலிருந்து கிளம்பி உடம்பு முழுக்கப் பரவும் நரம்பு முகடு என்ற செல் கூட்டத்துக்கும் இதில் பங்குண்டு என்றார்கள். எலியில் சுமார் 30 சதவீத ஜிஎன்ஆர்எச் செல்கள் அங்கிருந்து வருவதாக 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. வரிக்குதிரை மீனிலும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த மீனின் கரு கண்ணாடி போல இருக்கும். 2018-இல் பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் அது வளர்வதைப் படமெடுத்து, அந்தப் படத்தைப் பின்னோக்கி ஓட்டி, ஒவ்வொரு செல்லும் எங்கிருந்து வந்தது என்று துரத்திப் பிடித்தார்கள். நரம்பு முகட்டைச் சேர்ந்தவை என்று நினைத்தவை பிளாக்கோடு உருவாகும் பகுதியிலிருந்தே வந்திருந்தன. ஒரு செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்பதை மட்டும் வைத்து அதன் பூர்வீகத்தை முடிவு செய்வதைவிட, இப்படிக் கண்ணால் தொடர்ந்து பார்ப்பதையே நான் நம்புவேன்.

அதற்காக நரம்பு முகட்டுக்கு மூக்கில் வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. வாசனை நரம்பின் இழைகளைப் போர்த்திக்கொண்டு கூடவே போகும் உறைச் செல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. 2010-இல் கோழியிலும் எலியிலும் அதைக் காட்டினார்கள். சாக்ஸ்10 என்ற மரபணு கெட்டால் இந்த உறைச் செல்கள் குறைந்துபோகின்றன, ஜிஎன்ஆர்எச் செல்களும் வழியில் தடுமாறுகின்றன. காது கேளாமையோடு சேர்ந்து வரும் கால்மன் நோயாளிகள் சிலரிடம் இதே மரபணுவில்தான் பிழை இருந்தது. பயணம் போகும் செல் நன்றாகவே இருந்தாலும், துணைக்கு வருவது சரியில்லை என்றால் போதும், போய்ச் சேராது.

பிறந்ததிலிருந்தே வாசனை தெரியாதவர்களில் பலருக்கு அது ஒரு குறை என்பதே தெரியாது. பதினைந்து, பதினாறு வயதாகியும் பருவ மாற்றம் தொடங்கவில்லை என்று டாக்டரிடம் போகும்போது, மல்லிகைப்பூ வாசனையும் காபி மணமும் பிள்ளைக்குத் தெரிகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை கேட்டுவிட்டு, அதையும் அவரிடம் சொல்லுங்கள். ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது.