ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஜித்தா பைனலுக்குப் போகாதீர்கள்

சவூதியில் ஸ்பானிஷ் சூப்பர் கப் கால்பந்து பார்க்கக் கிளம்புகிற நம் ஆட்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நண்பன் கணக்கில் எடுத்த டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் படமாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள். 2025 ஜனவரி 12 இரவு பார்சலோனாவும் ரியல் மாட்ரிட்டும் மோதிய ஸ்பானிஷ் சூப்பர் கப் பைனலில், ஐந்தாவது நிமிடமே மாட்ரிட்டின் எம்பாப்பே கோல் போட்டார். அந்தக் கோலை நான் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

டிக்கெட் கிடைத்ததில் பிரச்சினை இல்லை. விற்பனை தொடங்கியதுமே ரூம்மேட் தன் கணக்கில் மூன்று பேருக்கும் சேர்த்து எடுத்துவிட்டான். பைனல் ஞாயிற்றுக்கிழமை, இங்கே வாரத்தின் முதல் வேலைநாள். ஆட்டம் இரவு பத்து மணிக்கு என்பதால் சமாளித்துவிடலாம் என்றிருந்தோம். சாயங்காலம் அவனை மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போங்க மச்சான், நான் எப்படியாவது செகண்ட் ஹாஃபுக்கு வந்துடுறேன்" என்று கியூஆர் கோடுகளைப் படம் பிடித்து அனுப்பிவிட்டான்.

நாங்கள் இருக்கும் ஜித்தாவின் ஷரஃபியாவிலிருந்து ஆட்டம் நடக்கும் கிங் அப்துல்லா அரங்கம் நல்ல தூரம், விமான நிலையத்தையும் தாண்டி வடக்கே போகவேண்டும். கேட்டில் ஸ்கேனர் சிவப்பு காட்டியது. மறுபடியும் சிவப்பு. அந்தக் கோடு செயலிக்குள் மாறிக்கொண்டே இருக்குமாம், படம் எடுத்தால் செல்லாதாம். டிக்கெட் வாங்கும்போது இதை யாரும் கண்ணில் படுகிற மாதிரி சொல்லவில்லை. இக்காமாவை (சவூதிக் குடியிருப்பு அட்டை) நீட்டினேன், கேட்டில் நின்றவர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "டிக்கெட் ஆள் வரட்டும்" என்று உதவி கவுண்டரைக் கை காட்டினார். அங்கே இருந்தவரோ போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேட்டிலேயே கேளுங்கள்" என்றார். கேட்டுக்குப் போனால் மறுபடியும் கவுண்டர். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி அலையவிட்டார்கள். இதற்கிடையில்தான் உள்ளே அந்தப் பெருஞ்சத்தம்.

கடைசியில் உதவியது தன்னார்வலராக நின்ற ஒரு சவூதிப் பெண். நண்பன் தன் செயலியிலிருந்து டிக்கெட்டை எங்கள் கணக்குக்கு மாற்றி அனுப்பலாம், அதற்கு எங்களுக்கும் கணக்கு வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். கூட்டத்தில் நெட் செத்துக் கிடந்தது. ஓடிபி வரும், பக்கம் திறப்பதற்குள் காலாவதியாகிவிடும். அவரே தன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுத்தார். ரூம்மேட் டூட்டியில் ஒளிந்து நின்று போனில் தட்ட, இரண்டு டிக்கெட்டும் வந்து சேர்ந்தன. ஸ்கேனர் பச்சை காட்டியதும் அந்தப் பெண் எங்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். ஆட்டம் பார்க்கப் பெண்களை முதன்முதலாக அனுமதித்ததும் இதே அரங்கத்தில்தான், 2018 ஜனவரி 12. அன்றைக்குச் சரியாக ஏழு வருடம்.

உள்ளே போய் உட்காரும்போது 1-0. எங்களைச் சுற்றி முழுக்க மாட்ரிட் சட்டைகள். 2024 பைனலில் ரியாத்தில் வினீசியஸ் ஹாட்ரிக் அடித்து 4-1 என்று பார்சலோனா ரசிகர்களான நம்மைக் கதறவிட்டதுதான் நினைவுக்கு வந்தது. அப்போதுதான் நம்ம யமால். வலது ஓரத்திலிருந்து பந்தை உள்ளே இழுத்து வந்தான், சுற்றி வெள்ளைச் சட்டைகள், அவசரமே இல்லை. இடது காலால் தரையோடு தள்ளிவிட்டான், பந்து மாட்ரிட் கோல்கீப்பர் கூர்த்துவாவைத் தாண்டித் தூரத்துக் கம்பத்தை ஒட்டி உள்ளே போனது. பதினேழு வயதுப் பையன்! பிறகு லெவன்டோவ்ஸ்கியின் பெனால்டி, குண்டே தூக்கிப் போட்ட பந்தில் ரஃபீன்யாவின் தலை, இடைவேளைக்குச் சற்றுமுன் பால்டே. 4-1. இடைவேளை முடிந்து வந்ததும் ரஃபீன்யா இன்னொன்று. நம் கோல்கீப்பர் ஷ்செஸ்னி சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மாட்ரிட்டின் ரொட்ரீகோ ஃப்ரீ கிக்கில் ஒன்றைத் திருப்பினார். அரைமணி நேரத்துக்கு மேல் பத்து பேராக நின்று 5-2-ஐக் காப்பாற்றினார்கள். பயிற்சியாளர் ஃபிளிக்குக்குப் பார்சாவில் முதல் கோப்பை. தொண்டை கட்டிவிட்டது எனக்கு.

போகிறவர்களுக்கு: டிக்கெட் மாற்றும் வேலையை வீட்டில் வைஃபை இருக்கும்போதே முடித்துவிடுங்கள். போனை முழுக்க சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். என் பவர் பேங்கைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், திரும்பி வந்தபோது அந்த மேசையே இல்லை. ஆட்டம் முடிய நள்ளிரவு ஆகிவிடும், அந்த நேரத்தில் வாடகைக் காருக்கு வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள். கார் வைத்திருக்கும் ஊர்க்காரர் யாராவது வருகிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். எங்களுக்கு ஒரு தென்காசி அண்ணன் வழியில் நிறுத்தி, "ஏறுங்க தம்பி" என்றார், பிழைத்தோம்.

ரூம்மேட் செகண்ட் ஹாஃபுக்கும் வர முடியவில்லை. அவன் டிக்கெட் ஸ்கேன் ஆகாமலே போயிற்று. அந்தக் காசை நாங்கள் இருவரும் பகிர்ந்து கொடுத்துவிட்டோம். அடுத்த முறை அவரவர் கணக்கில், அவரவர் போனில்தான் எடுக்கப்போகிறோம்.