அரியலூர்க் கடலும் அண்டார்டிகாவும்

இந்தியத் தட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே நாம் இமயமலைக்குப் போய்விடுகிறோம். ஒரு பெரும் நிலத்துண்டு தெற்கிலிருந்து நகர்ந்து வந்து ஆசியாவின்மேல் மோதியது, இடையில் இருந்த கடலின் படிவுகள் மடிந்து மலையாக உயர்ந்தன என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அந்தப் பயணம் எங்கிருந்து, எப்படித் தொடங்கியது என்ற கேள்வி மட்டும் ஏனோ அதிகம் கேட்கப்படுவதில்லை. எனக்கு மோதலைவிடப் பிரிவுதான் சுவையானதாகப் படுகிறது. அதன் தடயங்களைப் பார்க்க நேபாளம் வரை போக வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து புறப்பட்டுப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்ச்சாலைகளில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பகல் சுற்றினால் போதும்.

மேற்கே காலடியில் இருப்பது நைஸும் சார்னோகைட்டும் ஆகிய கெட்டிப் பாறைகள். இவை நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கிழக்கு நோக்கிச் சிறிது தூரம் போனதும் இந்தப் பாறை சட்டென்று முடிந்து, அதன்மேல் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கக் காண்கிறோம். இந்த அடுக்குகள் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்திருப்பதால், நாம் கிழக்கே போகப்போக இளைய பாறைகளின் மேல் ஏறிக்கொண்டே வருகிறோம். தெரணியில் செடிகளின் இலைத் தடங்களைத் தாங்கிய களிமண், கல்லக்குடியில் பவளத்திட்டுச் சுண்ணாம்புக்கல், காரையில் கடலடிச் சேறு, அரியலூரைச் சுற்றிச் சிப்பிகள் நிறைந்த மணற்கல், கடைசியாக நின்னியூரில் டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்த சுண்ணாம்புக்கல் என்று, ஐந்து கோடி ஆண்டுகளுக்குக் குறையாத கடலோர வரலாறு சில பத்துக் கிலோமீட்டருக்குள் கிடக்கிறது.

இவற்றில் காரை ஊரை ஒட்டிய நிலத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். மழைநீர் அரித்து அரித்து, புல்கூட ஒழுங்காக முளைக்காத மஞ்சளும் பழுப்புமான களிமண் மேடுகளும் ஓடைகளுமாக அந்த இடம் கிடக்கிறது. களிமண்ணின் வெடிப்புகளில் வளர்ந்த ஜிப்சத் தகடுகள் வெயிலில் பளபளக்கின்றன. ஓடைப் படுகையில் குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில், துப்பாக்கித் தோட்டாபோல ஒரு முனை கூராக, பழுப்பு நிறக் கற்கள் சிதறிக் கிடக்கும். இவை பெலம்னைட்டுகள், கணவாய் மீனின் பழங்கால உறவினங்கள் உடலுக்குள் தாங்கியிருந்த கெட்டிப் பகுதி. கணவாயின் இன்னொரு பழங்கால உறவினமான அம்மோனைட்டுகளின் சுருள் ஓடுகளும் இங்கேதான் கிடைத்தன. இரண்டுமே கடலில் மட்டுமே வாழ்ந்தவை. இன்றைய கடற்கரையோ இங்கிருந்து பார்வைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

இந்தக் கடல் ஏதோ ஒரு வெள்ளத்தில் உள்ளே வந்து வடிந்துபோனதன்று. கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒன்றாக ஒட்டியிருந்தன. இன்றைய நமது கிழக்குக் கரை அப்போது அண்டார்டிகாவை ஒட்டிய உள்நாடு. கண்டத்தட்டு இழுபட்டு மெலியும்போது அதன் மேற்பகுதி நீண்ட வெடிப்புகளாக உடைந்து, வெடிப்புகளுக்கு இடைப்பட்ட பாளங்கள் சில கீழே இறங்கிப் பள்ளங்களாகும், சில மேடாகவே நிற்கும். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்டிகாவிலிருந்து விலகத் தொடங்கிய காலத்தில் இப்படி உருவான பள்ளங்களின் தொகுப்புதான் காவிரிப் படுகை. முதலில் அவற்றில் ஆறுகளும் ஏரிகளும் மண்ணை நிரப்பின; தெரணியின் இலைகள் அந்தக் கட்டத்தவை. பிளவு அகன்று தரை மேலும் தாழ்ந்தபோது கடல் நுழைந்தது. நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பதும் இதே பள்ளங்களில் பல கிலோமீட்டர் கனத்துக்குப் படிந்த வண்டலின் பயன்தான். பெரம்பலூர்ப் பக்கம் தரைமேல் தெரிவது அந்தப் படுகையின் மேற்கு விளிம்பு மட்டுமே.

கல்லக்குடி என்றதும் 1953 போராட்டமும் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த கலைஞரும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த ஊரின் பெயர் டால்மியாபுரமாக மாறக் காரணமான சிமெண்ட் ஆலை அங்கே வந்ததற்குக் காரணம், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளவின் ஓரத்து ஆழமில்லாத கடலில் பவளங்களும் சுண்ணாம்புப் பாசிகளும் எழுப்பிய திட்டு. அந்தக் காலத்தில் இந்தியா தென் அரைக்கோளத்தின் நடுப் பாகைகளில், அதாவது இன்று பவளத்திட்டுகள் வளர முடியாத தெற்கில் இருந்தது என்பதை எண்ணும்போது வியப்பு கூடுகிறது. உலகம் முழுவதுமே இன்றைவிட மிகவும் வெப்பமாக இருந்ததால்தான் அது நடந்தது.

இந்தப் பாறைகளை அறிவுலகம் கவனித்தது நேற்றன்று. 1840களில் கேய், கன்லிஃப் என்னும் இருவர் திரட்டிய சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். ஹென்றி பிளான்ஃபோர்டு நில வரைபடம் வரைந்து 1862இல் வெளியிட்டார். பிறகு மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்குள்ள சிப்பி, நத்தை இனங்களைப் பற்றிக் கனத்த தொகுதிகளாக எழுதினார். கண்டங்கள் நகர்கின்றன என்று வெகனர் 1912இல் சொல்வதற்கு அரை நூற்றாண்டு முன்பே, அதற்குரிய சாட்சியம் பெயரிட்டு அடுக்கிவைக்கப்பட்டிருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் ஊசியிலை மரத்தை 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் பதிவு செய்தார். கரையிலிருந்து அடித்துவரப்பட்டு, கடலடியில் புதைந்து, சிலிக்கா ஊறிக் கல்லான மரம் அது. இன்று வேலி கட்டி, பெயர்ப்பலகை வைத்துப் பேணுகிறார்கள். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டின் டைனோசருக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட அந்த விலங்கின் எலும்புகள், உலகின் மிகப்பெரிய தரைவாழ் உயிர்களில் ஒன்றினுடையவையாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்டவை, காக்கப்படாமலே உதிர்ந்துபோயின. கோட்டுப்படங்களையும் சில புகைப்படங்களையும் வைத்துத்தான் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதே கல்லமேட்டில் கிடைத்த சிறு பற்கள் இன்னும் முக்கியமானவை என்பது என் கருத்து. அவற்றுள் சில, மடகாஸ்கரில் மட்டும் அறியப்பட்டிருந்த சைமோசூக்கஸ் என்னும் மொண்ணை முக முதலையின் பற்களை ஒத்திருக்கின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன; கர்நாடகத்தில் மால்பே கடற்கரைக்கு எதிரே தூண் தூணாக நிற்கும் செயின்ட் மேரீஸ் தீவுப் பாறைகள் அந்தப் பிரிவின்போது பொங்கிய எரிமலைக் குழம்புதான். பிரிந்து ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு ஆன பிறகும் இரு கரைகளிலும் ஒரே குடும்பத்து முதலைகள் இருந்திருக்கின்றன.

இதே மடகாஸ்கர் உறவை வைத்துத்தான் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல், அங்குள்ள லெமூர்கள் என்னும் குரங்கு போன்ற விலங்குகளுக்கு இந்தியாவில் உறவினங்கள் இருப்பதைக் காரணம் காட்டி, மூழ்கிய கண்டம் ஒன்றைக் கற்பித்து அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். பின்னர் தமிழகத்தில் அது குமரிக்கண்டமாக எடுத்த உருவம் நாம் அறிந்ததே. கடலடியை அளந்தபின் அந்தக் கருத்துக்கு இடமில்லாமல் போயிற்று: இந்தியப் பெருங்கடலின் தரை பெரும்பாலும் நடுக்கடல் முகடுகளில் புதிதாகப் பிறந்த பசால்ட் என்னும் எரிமலைப் பாறை, சீஷெல்ஸ் போன்ற சிறு கண்டத் துண்டுகள் உண்டே தவிர, மூழ்கிய பெருங்கண்டம் இல்லை. நிலம் அமிழவில்லை, விலகிப்போனது. அந்தப் பாறை உறையும்போது புவியின் காந்தத் திசையைப் பதித்துக்கொள்வதால் தரையில் மாறிமாறி அமைந்த காந்தப் பட்டைகளே இந்தியா எந்தக் காலத்தில் எவ்வளவு வேகமாக வடக்கே போனது என்பதையும் காட்டுகின்றன. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவிய 6.6 கோடி ஆண்டு வாக்கில் அந்த வேகம் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டரையும் தாண்டியது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவைத் தொட்டபின் குறையத் தொடங்கி, இன்று 5 சென்டிமீட்டர் அளவில் நிற்கிறது.

இந்தத் தட்டின் வடகரையிலும் அம்மோனைட்டுகள் இருந்தன. வைணவ வீடுகளில் பூசையில் இருக்கும் சாளக்கிராமங்களில் சக்கரமாகத் தெரிவது அவற்றின் சுருள்தான். நேபாளத்தின் கண்டகி ஆறு, முக்திநாத் வட்டாரத்தின் ஜுராசிக் காலக் கருங்களிப் பாறைகளிலிருந்து அவற்றை உருட்டிக்கொண்டு வருகிறது. அந்தச் சேறு படிந்த கடல் டெதிஸ். இந்தியா வடக்கே வரவர அது சுருங்கி மூடிக்கொண்டது, அதன் தரை இன்று 3,700 மீட்டருக்கும் மேல் நிற்கிறது. காரையின் அம்மோனைட் வாழ்ந்த கடலோ அதே பயணத்தால் திறந்து, விரிந்து, வங்காள விரிகுடாவாகிவிட்டது. ஒரு கடல் மலையானதற்கும் மற்றொன்று பெருங்கடலானதற்கும் ஒரே நகர்வுதான் காரணம். வடக்குக் கல் வழிபாட்டுக்குப் போனதும், தெற்குக் கல் சிமெண்ட் சூளைக்குப் போவதும் மனிதர்கள் செய்த ஏற்பாடு. குறைந்தது காரை ஓடைகளையாவது சுரங்கக் குத்தகைக்கு வெளியே வைத்திருக்க வேண்டும் என்பேன்.

பிரிவு முடிந்த கதையுமன்று. இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒரே தட்டின் இரு பகுதிகளாக நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இமயத்தில் இந்தியா தடைப்பட்டு நிற்க, ஆஸ்திரேலியப் பகுதி தடையில்லாமல் நகர, இடைப்பட்ட கடல்தரை நெரிபட்டு உடைகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு மேற்கே, தட்டின் எல்லையில் அன்றி அதன் உள்ளேயே 8.6 அளவில் நில அதிர்ச்சி நிகழ்ந்தபோது சென்னையிலும் மாடிக் கட்டடங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு இறங்கி வந்தார்கள். அந்த இடத்தில் புதிய எல்லை ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதே புவியியலாளர் பலரின் கணிப்பு.