கால்நடைத் துறையிலிருந்து ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு: முந்தைய இயக்குநரின் செல்போனை விட்டுவிடாதீர்கள்

மாட்டு டாக்டருக்கு மனித நோய் ஆராய்ச்சியில் என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனால், அதை யாரும் கேட்கவே இல்லை. வெறிநோய், எலிக்காய்ச்சல், புரூசெல்லோசிஸ் என்று விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களைப் பற்றியே பேச்சு போனது, அறக்கட்டளையின் இயக்குநர் வேலையும் கிடைத்தது. இழுத்தடித்ததெல்லாம் காகிதம்தான்.

தமிழ்நாடு அரசுப் பணியில் விருப்ப ஓய்வுக்கு விதி எளிது: 20 ஆண்டு தகுதியான பணி அல்லது 50 வயது, மூன்று மாத முன்னறிவிப்பு. சிக்குவது, ஒப்படைக்க எதுவும் பாக்கி இல்லை என்னும் நிலுவையின்மைச் சான்றில். என்றோ பழுதாகிப்போன திரவ நைட்ரஜன் கொள்கலன் மருந்தகத்து இருப்புப் பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருக்கும். "புதுசா வர்றவர்கிட்ட ஒப்படைச்சிருங்க சார்" என்பார் பிரிவு எழுத்தர். இல்லாத கொள்கலனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்? ஓய்வுக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே பழுதான பொருட்களின் கழிவுப் பட்டியலை மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்பி ஆணை வாங்கிவிடுங்கள்.

பணிவிடுவிப்பு ஆணை கைக்கு வருவதற்குள் டிரஸ்டின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில் உங்கள் பெயரைச் சேர்க்க அவசரப்படுத்துவார்கள். மறுத்துவிடுங்கள். அரசு ஊழியர் வெளிநாட்டு நன்கொடை பெறுவதை அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடுக்கிறது; வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். பொறுப்பாளர் மாறியதைத் தெரிவிக்கும் எஃப்சி-6இ படிவத்துக்கு மாற்றம் நடந்த நாளிலிருந்து 45 நாள் இருக்கிறது.

அந்த 45 நாளைத் தின்பது ஓடிபி. வருமான வரித் தளம், தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பண் தளம், எஃப்சிஆர்ஏ தளம் எல்லாம் முந்தைய இயக்குநரின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். எங்களுடையவர் மகன் வீட்டுக்கு வெளிநாடு போய்விட்டார், இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்யவில்லை. அவர் கிளம்புவதற்கு முன்பே பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு தளத்திலும் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள். மின்னஞ்சல் பதவியின் பெயரில், டிரஸ்டுக்குச் சொந்தமான முகவரியாக இருக்கட்டும். "அவரோட டிஎஸ்சி டோக்கன் டிராயர்லயே இருக்கு, பாஸ்வேர்டும் தெரியும்" என்று மின்னணுக் கையெழுத்துக் கருவியைக் காட்டிக் கணக்காளர் உதவிக்கு வருவார். தொடவே தொடாதீர்கள். அது அவருடைய கையெழுத்து. உங்கள் பெயரில் புதிதாக வாங்குங்கள்.

அடுத்த அடி பணத்தில். மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை என்றாலே வெளியிலுள்ள விஞ்ஞானிகளுக்கு நிதி கொடுப்பதுதானே? எஃப்சிஆர்ஏவின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடையை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது, அந்த நிறுவனம் எஃப்சிஆர்ஏ பதிவு வைத்திருந்தாலும் சரி. அந்தப் பணத்தில் சொந்த ஆய்வகம், சொந்த ஆட்கள். வெளியே கொடுக்க உள்நாட்டு நன்கொடை மட்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் அதே திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஆராய்ச்சியையே முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில் களத் தரவைச் சேகரிப்பவர், அலசுபவர் சம்பளம் அந்த வரம்பில் சேராது. நிர்வாகம் பார்க்கும் இயக்குநரின் சம்பளம் சேரும். சம்பளம் பேசும்போதே எந்தக் கணக்கிலிருந்து தருவார்கள் என்று கேளுங்கள். நான் கேட்டதும் ஆடிட்டர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. முன்னால் யாரும் கேட்டதில்லையாம்.

மனித ஆய்வுகளுக்கான நெறிமுறைக் குழுவில் உட்கார ஆசை வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி நிறுவனத் தலைவர் அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது. விலங்குச் சோதனைக் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களை மட்டும் வெளியே நின்றாவது படித்துப்பாருங்கள். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி எந்தக் கட்டத்தைத் தாண்டினால் சோதனையை நிறுத்துவது என்று எழுதாமலே வருபவை ஏராளம். மருத்துவர்கள் கவனிக்காமல் விடும் அந்த ஓட்டை நம் கண்ணில்தான் முதலில் படும்.

ஒன்று விட்டுப்போனது. இனி ஊசி போடப்போவதில்லை என்று மாநிலக் கால்நடை மருத்துவ மன்றப் பதிவை விட்டுவிடாதீர்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டிரஸ்டிகள் மாறினால் இயக்குநர் நாற்காலியும் மாறும்.